குணமாகிவிட்டதாக ஒரு சாட்சி

என் மனைவி புற்றுநோயால் இறந்தாள் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதி லேக் கார்டன்ஸில் ஒரு கட்டடத்தின் கீழ்வீட்டில், சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அறுபத்து மூன்று வயது. நல்ல கனத்த குரல். அந்தக் குரலின் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பு இன்றுவரை குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் முப்பத்தொரு வருஷம் வண்டிகளைப் பிரித்துச் சேர்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே கிடந்ததற்குக் காரணம் அந்தச் சனிக்கிழமை ஜெபக்கூட்டம்தான். என் மனைவிக்கு அதுதான் ஊர். வாரம் முழுக்க வங்காளத்திலும் இந்தியிலும் மீனும் காயும் பேரம் பேசி அலுத்தவள், அங்கே போய் இரண்டு மணி நேரம் தமிழில் பாடி, தமிழில் அழுது, தமிழில் வம்பு பேசிவிட்டு வருவாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு வாரம்கூட விட்டதில்லை.

கூட்டத்தில் முப்பது பேர் இருப்போம். நடத்துகிறவரைப் பாஸ்டர் என்றோம். எந்தச் சபையும் அவர் தலையில் கைவைத்து அபிஷேகம் செய்ததில்லை. ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கராக இருந்தவர், நாற்பது வயதில் தரிசனம் கண்டதாகச் சொல்லித் தொடங்கினார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு எல்லோரும் வெறுங்காலோடு பாயில் உட்காருவோம். அவர் மட்டும் கோடையிலும் சாக்ஸ் போட்டிருப்பார். தரை குளிர்கிறது என்பார்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சாட்சி சொல்வது புதிதல்ல. நல்லது ஏதாவது நடந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் எனக்கு இன்னது செய்தார் என்று சொல்லி உட்காருவோம். இவர் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். நடப்பதற்கு முன்பே நடந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும் என்றார். அதற்குப் பெயர் விசுவாசச் சாட்சி. மகனுக்கு வேலை தேடுகிறவர் எழுந்து, "என் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது" என்று சொல்வார். சொல்லிவிட்டால் கிடைக்குமாம். கிடைக்காவிட்டால் சொன்னவரின் விசுவாசத்தில் ஓட்டை. வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறவன் அடுத்தவன் பெர்த்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு கன்ஃபர்ம் ஆகிவிட்டது என்கிற மாதிரி இருக்கிறதே என்று வீட்டில் நான் கேலி செய்வேன். என் மனைவி சிரித்துவிட்டு, "உங்க வாயை ஃபினாயில் ஊத்திக் கழுவணும்" என்பாள்.

ஒரு வியாழக்கிழமை குளித்துவிட்டு வந்தவள் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றாள். புளியங்கொட்டை அளவு இருந்தது. பவானிபூரில் ஒரு ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினேன். நடுவில் சனிக்கிழமை வந்து தொலைத்தது.

அன்றைக்குப் பாஸ்டர் அவள் தலையில் கைவைத்து வெகுநேரம் ஜெபித்தார். பிறகு, "சொல்லுங்க சிஸ்டர், விசுவாசிச்சுச் சொல்லுங்க" என்றார். அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்கு ஒரு கட்டி இருந்துச்சு. இப்ப இல்ல. நான் குணமாயிட்டேன்" என்றாள். முப்பது பேரும் அல்லேலூயா என்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

திங்கட்கிழமை காலையில் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அவள் அடுப்படியை விட்டு வரவில்லை.

"சாட்சி சொல்லிட்டேன்லா. இப்ப டாக்டர்ட்ட போயி நின்னா ஆண்டவரப் பொய்யாக்குன மாதிரி ஆயிரும்லா?"

"ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு. எந்திரி, வா."

"வேண்டாங்க. முப்பது பேருக்கு முன்னால சொன்ன வார்த்தை."

அவள் வாழ்நாளில் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சாட்சியில் சொன்ன அந்த ஒரு பொய்யை உண்மையாக்குவதற்காக உயிரைக் கொடுத்தாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் பாஸ்டருக்கே போன் செய்து, "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவா" என்றேன். அவர், "போகாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன் பிரதர். போங்கன்னும் சொல்ல மாட்டேன். அது சிஸ்டருக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம்" என்றார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு அவர்.

பதினான்கு மாதம் கழித்து, முதுகு வலி தாங்காமல் அவளே வருகிறேன் என்றாள். மருத்துவர் கண்ணாடி போட்ட வங்காளிப் பெண், எனக்கு மகள் வயது இருக்கும். பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றாமலே கேட்டார்: "ஏத்தோ தேரி கேனோ?" ஏன் இவ்வளவு தாமதம் என்று அர்த்தம். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவர் எழுதத் தொடங்கினார்.

பிறகு நான்கு மாதம் இருந்தாள். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என் விசுவாசத்துல எங்கங்க ஓட்டை இருந்துச்சு?" என்று கேட்டாள். வலியைப் பற்றிக் கேட்கவில்லை. சாவைப் பற்றிக் கேட்கவில்லை. தொலைத்த சாவியைத் தேடுகிறவள்போல் தனக்குள்ளேயே குற்றத்தைத் தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். சாவை மன்னித்துவிடலாம். அந்தக் கேள்வியை மன்னிக்க முடியாது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டில் ஆறுதல் ஜெபம். பாஸ்டர் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "வீட்டுக்குள்ள ஒரு அவிசுவாசம் இருந்தா ஜெபம் கூரையிலயே தட்டி நின்னுரும் பிரதர்" என்றார். சொல்லிவிட்டு டீயில் பிஸ்கட்டை நனைத்தார். பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அதை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டார். அந்த ஸ்பூன் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. யாருக்கும் அதில் எதுவும் கொடுப்பதில்லை.

அதன் பிறகு எனக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லாமல் போனது. ஆண்டவர் மட்டும் போயிருந்தால் சின்ன விஷயம். அவரோடு சேர்ந்து எல்லாமே போனது. லேக் ஓரம் நடந்தால், வயதானவர்கள் விறுவிறுவென்று கையை வீசிக்கொண்டு போவார்கள். இன்னும் பத்து வருஷம் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று வழிமறித்துக் கேட்கத் தோன்றும். பூஜை வந்தது, பந்தல் போட்டார்கள், கலைத்தார்கள். கிறிஸ்துமஸ் வந்தது, நட்சத்திரம் கட்டினார்கள், அவிழ்த்தார்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று பல் தேய்க்கும்போதுகூட மனசு சொல்லும். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு சுகம் இருந்தது. எதற்கும் அர்த்தம் இல்லை என்றால் அவள் சாவுக்கும் அர்த்தம் தேட வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் இந்தப் பாடத்தை நான் எங்கே படித்தேன் என்று ஒருநாள் யோசித்தேன். தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாஸ்டர் பிரசங்கித்தது இதைத்தான். இந்த உலகம் ஒன்றுமில்லை. இந்த உடம்பு வெறும் மண். படிப்பு, பதவி, வைத்தியம் எல்லாம் குப்பை. மேலே மட்டும் ஒரு பரலோகத்தைக் கட்டிவைத்திருந்தார். நான் செய்ததெல்லாம் அந்த மேல்மாடியை இடித்ததுதான். கீழே மிச்சம் இருந்தது அவருடைய பிரசங்கம், ஒரு வரி மாறாமல். பரலோகம் இருக்கிறது என்று நம்பி என் மனைவியின் மார்பை ஒன்றுமில்லை என்றார் அவர். பரலோகமும் இல்லை என்று நான் மொத்தத்தையும் ஒன்றுமில்லை என்றேன். அவருக்கு என்னைவிட நல்ல சீடன் கிடைத்திருக்க மாட்டான்.

இன்னொன்றும் இடித்தது. எல்லாம் ஒன்றுமில்லை என்றால், காலையில் கண் விழித்ததும் எனக்கு ஏன் வயிறு எரிகிறது? இல்லாத ஆண்டவரிடம் கோபித்துக்கொள்ள முடியாது. யாரிடம் கோபிப்பது என்று தேடியபோது, லேக் கார்டன்ஸில் விலாசத்தோடு ஒருவர் இருந்தார்.

ஆகவே கூட்டத்துக்குத் திரும்பவும் போனேன். துக்கத்திலும் சபையை விடாத சகோதரன் என்று எல்லோரும் உருகினார்கள். பாய் விரித்தேன். பாட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன். பாடும்போது வாயை மட்டும் அசைத்தேன். யார்டில் வேலை பார்த்தவனுக்குப் பொறுமை தெரியும். ஒரு வண்டியைப் பக்கத்து லைனில் ஒதுக்கி, நாள்கணக்கில் நிறுத்தி, சரியான நேரத்தில் எடுப்பதுதான் அங்கே தொழில். என் வஞ்சத்தையும் அப்படி நிறுத்திவைத்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று மட்டும் தெரியாமல் இருந்தது.

அது தானாகக் கையில் வந்து விழுந்தது. ரத்த அழுத்த மாத்திரைக்காக அதே பவானிபூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சர்க்கரை நோய்ப் பிரிவின் பெஞ்சில் பாஸ்டர் உட்கார்ந்திருந்தார். இடது காலில் சாக்ஸ் இல்லை, பாதம் முழுக்கக் கட்டு. மடியில் ஒரு ஃபைல். அட்டை நைந்து, முதுகில் இரண்டு மூன்று தடவை டேப் ஒட்டியிருந்தது. ஒரு வருஷத்தில் ஒரு ஃபைல் அப்படி ஆகாது. நர்ஸ் வந்து, ஊசியை வேளை தவறாமல் போடுகிறீர்களா என்று இந்தியில் கேட்டாள். "காலையிலும் சாயங்காலமும், பல வருஷமாக" என்று பவ்வியமாகச் சொன்னார். ஊருக்குத்தான் உபதேசம். என் மனைவி வலியை மென்று விழுங்கிக்கொண்டிருந்த பதினான்கு மாதமும் இவர் வேளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அவள் போன பிறகு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்குப் போகும் வழியில் மிட்டாய்க் கடையில் இரண்டு சந்தேஷ் வாங்கித் தின்றேன்.

ஆண்டு விழா ஸ்தோத்திரக் கூட்டத்தைக் குறித்துவைத்தேன். அன்றைக்கு வெளியாட்களும் வருவார்கள், அறுபது பேர் கூடுவார்கள். சாட்சி வேளையில் நான் எழுவேன். வானத்தில் ஒருவரும் இல்லை, அது இந்த மனிதருக்கும் தெரியும், அதனால்தான் ஊசி போட்டுக்கொள்கிறார் என்று தொடங்குவேன். லேக்கைச் சுற்றி நடந்து நடந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் மனப்பாடம் செய்தேன்.

அந்த நாளும் வந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண் எழுந்தாள். இந்தக் கூட்டத்திலேயே வளர்ந்தவள், இருபத்தாறு வயது, பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா இல்லை. அம்மா முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இங்கேயே பிறந்ததால் அந்தப் பெண்ணுக்குத் தமிழ் திக்கும். சாட்சியைத் தமிழில், ஆனால் வங்காள எழுத்தில் மொபைலில் எழுதிவைத்துக்கொண்டு படித்தாள்.

"எனக்கு... மார்புல... ஒரு கட்டி இருந்துச்சு. இப்ப..."

அடுத்த வார்த்தை எனக்குத் தெரியும். நான் எழுந்துவிட்டேன். மனப்பாடம் செய்த ஒன்றும் வாயில் வரவில்லை. "போலோ நா, மா" என்று கத்தினேன். சொல்லாதே அம்மா. "போலோ நா!" அந்த அறையில் ஜெப நேரத்தில் யாரும் வங்காளத்தில் பேசியதில்லை. அறுபது தலைகளும் திரும்பின. அந்தப் பெண் மொபைலைத் தாழ்த்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் பாஸ்டர் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, அந்த இடது கால் சாக்ஸைக் கொஞ்சம் கழட்டுங்க."

"பிரதர், உக்காருங்க. துக்கத்துல பேசுறீங்க."

"கழட்டுங்கய்யா. பவானிபூர்ல உங்களப் பாத்தேன். ரெண்டு வேளை ஊசி எத்தன வருசமா போடுதீங்க? என் பெண்டாட்டிக்கு மட்டும் ஏன்யா வைத்தியம் குப்பை?"

அவர் அசையவில்லை. ஆனால் அவர் மனைவி, ஓரமாக உட்கார்ந்திருந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். சாக்ஸைக் கழற்றத் தேவையே இல்லாமல் போனது. அந்தப் பெண் மொபைலைப் பைக்குள் போட்டாள். அம்மா கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பாஸ்டர் ஒழிந்தார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது சனிக்கிழமை அவர் முழங்கால் போட்டு, அழுது, தன் பலவீனத்தை அறிக்கையிட்டாராம். எல்லோரும் சேர்ந்து அழுது கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். இப்போது சாக்ஸ் இல்லாமல் உட்காருகிறார். காலில் போட்ட கட்டே ஒரு சாட்சியாகிவிட்டது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

அந்தப் பெண்ணோடு ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். அவள் அம்மா வர மறுத்துவிட்டாள். அதே கண்ணாடி போட்ட மருத்துவர். ஊசி போட்டுச் சதையை எடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. சாதாரணக் கட்டி, பயப்பட எதுவும் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு கணம்தான், ஆனால் இருந்தது. அந்த முடிவு மோசமாக வந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன், அந்தக் கீழ்வீட்டுக் கதவைப் பூட்டவே வைத்திருப்பேன். ஒரு வாரமாக நான் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தது அதைத்தான், யாரிடம் வேண்டினேன் என்றுதான் தெரியவில்லை. என் மனைவியின் உடம்பு அவருக்கு எப்படி ஒரு சாட்சிக்கு உதவியதோ, அப்படி இவளுடைய உடம்பு என் பழிக்கு உதவியிருக்க வேண்டும் என்று பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

எதிர்பார்த்தபடியே, அடுத்த சனிக்கிழமை அவளுக்குக் கிடைத்த சுகத்துக்காக அங்கே நன்றி ஜெபம் நடந்தது.

நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள், டீ கொடுத்து அனுப்பினேன். சனிக்கிழமைகளில் ஐந்து மணிக்கு அந்த வீட்டுக்கு எதிர்ப்புற நடைபாதையில், டீக்கடை பெஞ்சில் உட்காருகிறேன். கையில் ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவு எந்தக் கிழமை என்று எழுதிய தாள். கூட்டம் முடிந்து வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே யாருக்கு என்ன உபாதை என்று இப்போது தெரிகிறது. எழுந்து போய், "டாக்டரப் பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்கிறேன். இதுவரை மூன்று பேர் என்னோடு வந்திருக்கிறார்கள். பாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். பார்க்கட்டும். உடம்பு ஒன்றுமில்லை என்று அவர் உள்ளே சொல்லச் சொல்ல, அதே உடம்பை நான் வெளியே வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறேன். எனக்குத் தெரிந்த பழி இதுதான். ஒவ்வொரு வாரமும் இனிக்கிறது.

போன மாதம் அந்தப் பெண்ணின் ஆறு மாதப் பரிசோதனை. எல்லாம் சரியாக இருந்தது. எழுந்திருக்கும்போது மருத்துவர் என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"உங்கள் மனைவியும் இங்கே வந்தார் இல்லையா? மிகவும் தாமதமாக வந்தார். ஏன் என்று கேட்டேன், நீங்கள் சொல்லவே இல்லை."

இந்த முறை நான் சுவரைப் பார்க்கவில்லை. பாஸ்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்னிடம் விஷயம் இருந்தது. வாயைத் திறந்தேன். அவர் பெயர் வரவில்லை.

"அவள் குணமாகிவிட்டேன் என்று முப்பது பேருக்கு முன்னால் சொன்னாள்" என்றேன் எனக்குத் தெரிந்த வங்காளத்தில். "நான் கைதட்டினேன்."